கடலுக்குள்ள கோவிச்சுக்கிட்டு உக்காந்தவுகளைப் படம் எடுத்தது

கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போற ஆம்பளைக எல்லா ஊர்லயும் உண்டு. ஒருத்தன் பழனிக்குப் போவான், ஒருத்தன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போவான், ரோசம் கம்மியா உள்ளவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஒரு டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்கே திரும்பி வந்துருவான். எங்க வீட்டுக்காரவுக நம்புராஜன் கடலுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டாக. எங்க கோரைத்துறைக்கு நேர் எதுக்க, கரையில இருந்து கூப்பிடு தூரத்துல, மூணு ஆள் ஆழத்துல, பவளப்பாறைக்குப் பக்கத்து மணல்ல சம்மணம் போட்டு உக்காந்தவுக, தை போச்சு, மாசி போச்சு, பங்குனிப் பொங்கலும் போச்சு, எந்திரிக்கவே இல்லை. மூச்சு எப்படி விட்டாகன்னு கேப்பீக. கடல்ல முங்கிச் சங்கு குளிக்கிறவுகளுக்கு மூச்சு நீளம், கோவக்காரவுகளுக்கு அதைவிட நீளம், எங்க வீட்டுக்காரவுக ரெண்டும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

கோவத்துக்குக் காரணம் ஒரு பிளக்ஸ் போர்டு. எங்க பூமயில் மதினி, அதான் அவுககூடப் பிறந்த அக்கா, தன் மக அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம் வச்சாக. பந்தல் வாசல்ல வைக்கிற பிளக்ஸுக்கு எல்லாரு படமும் வேணும்ல, அத்தனை பேரு படமும் கிடைச்சது, துபாய்ல இருக்க மாப்பிள்ளையோட சித்தப்பா படம் கூட வந்துருச்சு, தாய்மாமன் படம் மட்டும் கிடைக்கலை. ஏன்னா எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கண்ணு திறந்த படமே கிடையாது. பிறந்ததுல இருந்து கடலுக்குள்ளயே கிடந்த கண்ணு, கரையில வெயில் பட்டாக் கூசும், பிளாஷ் அடிச்சா இமை தானா விழுந்துரும். எங்க கல்யாணப் போட்டோவுல தாலி கட்டும்போதே தூங்குறாக. அபிநயாவை மடியில வச்சுக் காது குத்துன படத்துல பிள்ளை அலறுது, இவுக நிம்மதியா உறங்குறாக. ஆதார் கார்டுக்குப் படம் எடுக்க வந்த பிள்ளைக்கு, கண்ணைத் திறங்க மாமா, கண்ணைத் திறங்க மாமான்னு சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு.

பிளக்ஸ் அடிச்சது எங்க ஊரு ஸ்டுடியோக்காரன் வில்லாயுதம். கண்ணை மூடுன படத்தைப் பிளக்ஸ்ல போட்டா செத்தவர் மாதிரி இருக்குமேன்னு ரொம்ப யோசிச்ச அந்தப் புத்திசாலி, சங்கு குளிக்கிறவுகளுக்குச் சங்குதான் கவுரவம்னு முடிவு பண்ணி, மூஞ்சி இருக்க வேண்டிய வட்டத்துக்குள்ள ஒரு பெரிய வெள்ளைச் சங்கைப் போட்டு, கீழே 'தாய்மாமன் நம்புராஜன்'னு எழுதிட்டான். இழவுக்கு ஊதுற சங்கை!

அவுக பந்தல் வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தாக. "உயிரோட இருக்கும்போதே எனக்குச் சங்கு ஊதிட்டாளே எங்கக்கா"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாக. தோள்ல கிடந்த சிவப்புத் துண்டை இடுப்புல இறுக்கிக் கட்டுனாக, நேரா நடந்து கடலுக்குள்ள இறங்கிட்டாக. நான் வாசல்ல ஆரத்தித் தட்டைக் கரைச்சுக்கிட்டு நிக்கிறேன். என்னைத் தாண்டித்தான் போனாக. சங்கைப் போட்டது வில்லாயுதம், கவனிக்காம விட்டது மதினி, இதுல நான் என்ன பண்ணேன்? "ஏ பஞ்சவர்ணம், இந்த மாதிரி நான் போறேன்"னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா? அவுக கோவம் அக்கா மேல. என் கோவம் அவுக மேல.

ஊரு என்ன பண்ணும்? முதல்ல படகு படகாப் போய்ப் பாத்தாக. ஒப்பாரி வைக்க ஆரம்பிச்ச கிழவிகளை, மனுசன் உள்ள இருந்து கையை ஆட்டுறாரு, சும்மா இருங்கன்னு அதட்டுனாக. அப்புறம் பழகிப் போச்சு. அந்த எடத்துல யாரும் நங்கூரம் போடக் கூடாதுன்னு படகுச் சங்கத்துல மைக் வச்சுச் சொன்னாக. அவுக இடுப்புல ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனையில மண்ணெண்ணெய் கேனைக் கட்டி மிதக்க விட்டாக. அது சங்கு குளிக்கிறவுக வழக்கம், ஒரு இழுப்பு இழுத்தா சரி, ரெண்டு இழுத்தா முடியாது, மூணு இழுத்தா மேல தூக்கு. காலையில கடலுக்குப் போறவுக கேன் பக்கத்துல படகை நிறுத்தி, இன்னைக்குத் தெக்க மீன் கிடக்குமான்னு கயித்தை ஆட்டிக் கேட்டுட்டுப் போவாக. கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைக முங்குன வாக்குல, சௌக்கியமா அண்ணேன்னு கையைக் காட்டிட்டு வருவாக. எலெக்சன் வந்தப்ப ஓட்டுக் கேக்க வந்தவுக கூடப் படகுல போய்க் கேனைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனாக.

சோறு நான்தான் பொங்கிக் குடுத்து விட்டேன். தூக்குவாளிக்கு மூடியை இறுக்கிக் கல்லைக் கட்டி, போற படகுல ஏத்தி விடுவேன். தண்ணிக்குள்ள எப்படித் தின்னாகன்னு கேக்காதீக, கோவத்துல இருக்க புருசன் எப்ப எப்படித் தின்னான்னு எந்தப் பொண்டாட்டி பாத்துருக்கா? வாளி காலியா வரும். அம்புட்டுத்தான். நானும் பாசி எடுக்குறவதான், கண்ணுல கண்ணாடி மாட்டி, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு தினமும் அதே கடல்ல முங்குறவதான். ஆனா அந்தப் பாறைப் பக்கம் மட்டும் நான் போகலை. அவுகளாக் கூப்பிடட்டும்னு இருந்தேன்.

வைகாசியில அபிநயாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம எங்க பக்கத்துப் பொண்ணு மணவறை ஏற மாட்டா. மதினி படகுல போய்க் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, என் தப்புத்தான்டா, அந்தப் பிளக்ஸைக் கிழிச்சு அடுப்புல போட்டாச்சுடா, ஏறி வாடா"ன்னு அழுதாக. ரெண்டு இழுப்பு. மதினியோட வீட்டுக்காரர் கெஞ்சுனாரு. ரெண்டு இழுப்பு. கடைசியா அபிநயா கயித்தை வாங்குனா. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அவ எங்க வீட்டுலதான் பாதி வளந்தவ.

"மாமா, நீங்க மாலை குடுக்காம நான் கழுத்தை நீட்ட மாட்டேன். நீங்க வராட்டிப் போங்க, நான் அங்கன வர்றேன். அங்க வச்சுக் குடுப்பீகளா?"ன்னு கேட்டா.

கயித்துல ஒரே ஒரு இழுப்பு. படகுல இருந்தவுக அத்தனை பேரும் கை தட்டுனாக.

இதைக் கேட்ட மாப்பிள்ளையோட அம்மா, மதுரைக்காரவுக, எதுக்கும் அசராதவுக, போன்ல நிதானமாச் சொன்னாக: "தண்ணிக்குள்ள குடுத்தாலும் சரி, தரையில குடுத்தாலும் சரி, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா தாய்மாமன் மாலை குடுக்குற போட்டோ இல்லாத ஆல்பத்தை நான் எப்படி நாலு பேருக்குக் காட்டுறது? போட்டோ வேணும். இல்லைன்னா தேதியைத் தள்ளி வைங்க, அவரா ஏறி வந்தப்புறம் பாத்துக்கலாம்."

அவுகளா ஏறி வர்றதாவது! அபிநயா மூஞ்சி வாடிப் போச்சு.

வில்லாயுதத்துக்கு நீச்சல் தெரியாது. கடற்கரையில பிறந்துட்டு நீச்சல் தெரியாத ஒரே பிறவி. அவன் வச்சிருக்க கல்யாணக் கேமரா மேல எச்சில் தெறிச்சாலே அவனுக்கு நெஞ்சு வலி வந்துரும். "தண்ணிக்குள்ள எடுக்கக் கையடக்கமா ஒரு கேமரா விக்கிதுக்கா. அதை வாங்கி, முங்கத் தெரிஞ்ச யாராச்சும் எடுக்கணும்"னு சொல்லிட்டு, அவன் என்னைப் பாத்தான். மதினியும் என்னைப் பாத்தாக. எல்லாரும் என்னைப் பாத்தாக.

"எடுக்குறேன். ஆனா தூரத்துல நின்னுதான் எடுப்பேன்"னு சொன்னேன். யாரும் ஏன்னு கேக்கலை. எங்களுக்குள்ள பேச்சு இல்லைன்னு ஊருக்கே தெரியும்.

அன்னைக்கு ஆரம்பிச்சது கேமராப் பேச்சு. டீக்கடையில, வலை பின்னுற எடத்துல, குழாயடியில, எங்க பாத்தாலும் அதே பேச்சு. அதுவரைக்கும் போட்டோன்னா சிரிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு மட்டும் தெரிஞ்ச சனம், மெகாபிக்சலு எத்தனைன்னு ஒருத்தருக்கொருத்தர் சண்டை போட ஆரம்பிச்சுருச்சு. துபாய்ச் சித்தப்பா வீடியோ கால்ல வந்து, எது எப்படிப் போனாலும் ஜூம் பெருசா இருக்கணும்னு உத்தரவு போட்டாக. எனக்கு அந்த யோசனை மட்டும் ரொம்பப் பிடிச்சது. ஜூம் பெருசா இருந்தா பாறைப் பக்கம் போகாமலே வேலையை முடிச்சுரலாம்ல.

அதுக்குள்ள வில்லாயுதம் ஒரு வேலை பண்ணான். எதுக்குக் கேமரா, போனையே பிளாஸ்டிக் உறையில போட்டு முக்குவோம்னு படகு ஓரத்துல முக்குனான். போனுக்கு விரல் எது தண்ணி எதுன்னு தெரியலை. தண்ணி தொட்டதையெல்லாம் யாரோ அமுக்குறாகன்னு நினைச்சுக்கிட்டு, அது பாட்டுக்கு மதுரைச் சம்பந்தியம்மாவுக்கு வீடியோ கால் போட்டுருச்சு. அவுக எடுத்துப் பாத்தா ஒரு நண்டு நிக்கிது. "இதுதான் பொண்ணோட தாய்மாமனா?"ன்னு கேட்டாக.

சரிப்படாதுன்னு நானும் அபிநயாவும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுனோம். கேமராக் கடை வச்சிருந்தவுக ஜலால் பாய். விசயத்தைச் சொன்னோம். கடலுக்குள்ள உக்காந்துருக்க மாமனைப் படம் எடுக்கணுமான்னு கேட்டுட்டு, "எத்தனை ஆள் ஆழம்?"னு மட்டும் விசாரிச்சாக. நல்ல மனுசன்.

ரெண்டு கேமராவை எடுத்து வச்சாக. ஒண்ணுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு கூடு, கேமராவை அதுக்குள்ள வச்சு மூடணும். இன்னொண்ணு கூடு இல்லாமலே நனையும், குட்டையா, தடியா, எங்க பூமயில் மதினி மாதிரி.

"இதுல எதுல ரொம்பத் தூரத்துல இருந்து எடுக்கலாம் பாய்?"

"கூடு போட்டதுல ஜூம் இருக்கும்மா. ஆனா கடலுக்குள்ள ஜூமு ஆகாது."

"ஏன் ஆகாது? மதுரையில நின்னு நிலாவைப் படம் எடுக்குறாகளாம்."

"நிலாவுக்கும் நமக்கும் நடுவுல தண்ணி இல்லையேம்மா"ன்னு சொல்லிட்டு, பக்கத்து டீக்கடையில ஒரு வாளித் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லி, அதுல தெருவு மண்ணு ஒரு கைப்பிடி போட்டுக் கலக்குனாக. "கடலு கண்ணுக்குத்தான் கண்ணாடி, கேமராவுக்குக் கஞ்சித் தண்ணி. நீங்க எம்புட்டுத் தூரம் தள்ளி நிக்கிறீகளோ அம்புட்டுக் கஞ்சியும் படத்துல விழும். சிவப்பு சுத்தமா வராது, தண்ணி முதல்ல சிவப்பைத்தான் குடிக்கும். அதனால கிட்டப் போங்க. போனது போதாது, இன்னும் கிட்டப் போங்க. கையை நீட்டுனா ஆளு தட்டுப்படணும்."

"அதெல்லாம் முடியாது"ன்னேன்.

பாய் அபிநயாவைப் பாத்தாக. "அத்தைக்கும் மாமாவுக்கும் பேச்சு இல்லை"ன்னு அவ சொன்னா. பாய் தாடியைத் தடவிக்கிட்டு, "அதுக்குத் தகுந்த கேமரா இன்னும் வரலைம்மா"ன்னாக.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. ஆனா வாங்க வந்த பொருளை வாங்கித்தானே ஆகணும். மண்பானையே தட்டிப் பாத்துத்தான் வாங்குவோம், இதை முக்கிப் பாக்காம வாங்குறதான்னு இன்னொரு வாளி நல்ல தண்ணி கொண்டு வரச் சொன்னேன். முந்தானையை இடுப்புல சொருகி, விரல்ல துணியைச் சுத்தி, கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாளிக்குள்ள தலையை விட்டேன். கடையில கூட்டம் கூடிருச்சு. கூடு போட்டதுல பொத்தானுக எள்ளு எள்ளா இருந்துச்சு, துணி சுத்துன விரலுக்கு ஒண்ணு அமுக்குனா மூணு அமுங்குது. அதுலயும் அந்தக் கூட்டு ரப்பர்ல ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணி உள்ள போயிருமாம், என் முடி கொட்டுற கொட்டுக்கு அது தாங்காது. குட்டைக் கேமராவுக்கு ஒரே பெரிய பொத்தான். அமுக்குன உடனே எடுக்குது, மசமசன்னு யோசிக்கலை. முன்னாடி ஒரு சின்ன விளக்கும் இருந்துச்சு. வாளிக்கு அடியில கிடந்த ஒரு கொத்தமல்லித் தழை அதுல அம்புட்டு அழகா விழுந்துச்சு. இதுதான்னு எடுத்துக்கிட்டேன். கடல்ல இருந்து வந்த உடனே நல்ல தண்ணியில கழுவிருங்க, மனுசன் மாதிரித்தான் அதுவும்னு பாய் சொல்லி அனுப்புனாக.

கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாக்கலாம்னு போனேன். பாறைக்கு ஒரு படகு நீளம் தள்ளி நின்னு, அவுக மூஞ்சியைப் பாக்காம, கேமராவோட சின்னத் திரையை மட்டும் பாத்து எடுத்தேன். கரையில வந்து ஊரே குனிஞ்சு பாத்தா, நீலத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு நெல்லு மூடை. இடுப்புச் சிவப்புத் துண்டு கரியா இருந்துச்சு. வில்லாயுதம் அதை மதுரைக்கு அனுப்பித் தொலைச்சுட்டான்.

சம்பந்தியம்மா போன் போட்டாக. "சிவப்புத் துண்டே கறுப்பாத் தெரியிதுன்னா பொண்ணோட கூறைச் சேலை? நெத்திக் குங்குமம்? பொட்டில்லாத பொண்ணு படத்தையா ஆல்பத்துல வைப்பேன்?"

அபிநயா என் மடியில தலையை வச்சுப் படுத்துக்கிட்டா. அப்புறமா மெதுவாக் கேட்டா, "அத்தை, நீங்க ரெண்டு பேரும் இப்படியேதான் இருக்கப் போறீகளா?"ன்னு. எனக்குப் பொங்கிப் பொங்கி அழுகை வந்துச்சு. எனக்கு மட்டும் ஆசையா என்ன? தினமும் தூக்குவாளி வந்தவுடனே, உள்ள ஏதாச்சும் போட்டு விட்டுருக்காகளான்னு நான் கையை விட்டுத் துழாவுறது யாருக்குத் தெரியும்? ஒரு சிப்பி, ஒரு சோழி, ஒண்ணும் இருக்காது. வெறும் வாளி.

கல்யாணத்துக்கு முந்துன நாள் காலையில கடல் நல்லா அடங்கிக் கிடந்துச்சு. ஊரு மொத்தமும் படகுல. மேளக்காரவுக ஒரு படகுல, சம்பந்தி வீட்டார் ஒரு படகுல, சம்பந்தியம்மா வாந்தி எடுத்துக்கிட்டே எல்லாம் சரியா நடக்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தாக. நான் முதல்ல முங்குனேன். நேரா பாறைப் பக்கம் போனேன். கிட்டப் போனேன். பாய் சொன்ன மாதிரி இன்னும் கிட்டப் போனேன். தை மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவுக மூஞ்சியை நேராப் பாத்தேன். தாடி வளந்து பாசியாட்டம் ஆடுது. ஒரு கிளிமீன் தோள்ல உரசிக்கிட்டு நிக்கிது. மனுசன் இளைச்சுத்தான் போயிருந்தாக, அத்தனை வாளிச் சோறும் எங்க போச்சோ.

பின்னாடியே அபிநயா சிவப்புச் சேலையோட இறங்குனா. மாலையை நீட்டுனா, அவுக வாங்கித் திரும்ப அவ கையில குடுத்தாக, அவ தலையில கையை வச்சாக. நான் விளக்கைப் போட்டு அமுக்குனேன். சேலை சிவப்பா இருந்துச்சு, நெத்தியில குங்குமம் சிவப்பா இருந்துச்சு. அவ மாலையோட மேல போயிட்டா. மேல இருந்து மேளச் சத்தம் தண்ணிக்குள்ள மொது மொதுன்னு கேட்டுச்சு.

என் வேலை முடிஞ்சுருச்சு. நானும் போயிருக்கணும். போகலை. எனக்குன்னு ஒண்ணு எடுக்கணும்னு தோணுச்சு. கேமராவைத் தூக்குனேன், திரையில அவுக மூக்கு மேல பெருசா ஒரு வட்டம். என்னடான்னு பாத்தா கண்ணாடியில ஒரு நீர்க்குமிழி ஒட்டியிருக்கு. அவுகளும் அதைப் பாத்துட்டாக. கையை நீட்டி, கட்டை விரலால அந்தக் குமிழியைத் துடைச்சு விட்டாக. துடைச்ச கையை எடுக்காம அப்படியே என் கன்னத்துல வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாக. கண்ணு ரெண்டும் அகல முழிச்சிருந்துச்சு. அந்த மனுசனுக்கு இம்புட்டுப் பெரிய கண்ணுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். அமுக்குனேன். அமுக்கிட்டு அப்படியே நின்னேன்.

எனக்கு மூச்சு ஒரு அளவுதான். அது தீந்து போச்சுன்னு எனக்குத் தெரியிறதுக்கு முன்னாடி அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. என் இடுப்பைப் பிடிச்சு இழுத்து அணைச்சுக்கிட்டு, மறுகையால கயித்தை இழுத்தாக பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு. மேல கேனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவுக மூணாவது இழுப்பை நம்பாம ஒரு கணம் மலைச்சுப் போய் நின்னுட்டு, அப்புறம் அத்தனை படகுக்காரவுகளும் சேந்து இழுத்தாக.

தலை வெளிய வந்தவுடனே நான் இருமுனேன், அவுக என் முதுகைத் தட்டுனாக. "அறிவு இருக்கா உனக்கு? இம்புட்டு நேரமா மூச்சைப் பிடிக்கிறது?"ன்னு அதட்டுனாக.

"நீங்க பிடிச்சதுக்கு முன்னாடி இது எம்மாத்திரம்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனீகள்ல?"

"நீயும்தான் வரவே இல்லை. தினமும் அந்தப் பக்கம் முங்குற, இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை."

"கூப்பிட்டிருந்தா வந்துருப்பேன்ல."

அப்பத்தான் அவுக சுத்தி முத்திப் பாத்தாக. வெயில்ல கண்ணு கூசி இமை விழுந்துருச்சு. தான் மேல வந்துட்டோம்னு அவுகளுக்கு அப்பத்தான் உறைச்சது. திரும்ப முங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாக. படகுல இருந்தவுக நல்லவுக, ஒருத்தரும் ஒண்ணும் நடக்காத மாதிரி வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாக. மதினி மட்டும் துண்டை நீட்டி, "தலையைத் துவட்டுடா, சளி பிடிச்சுக்கிரும்"னு சொன்னாக. அவுக வாங்கித் துவட்டுனாக.

மறுநாள் கல்யாண மண்டப வாசல்ல புதுப் பிளக்ஸ் வச்சாக. சங்கு இருந்த வட்டத்துல நான் எடுத்த படம், தலைமுடி மேல் நோக்கி நிக்கிது, காது ஓரமா ஒரு கிளிமீன், ரெண்டு கண்ணும் அகலத் திறந்து ஊரையே பாக்குது. அவுக ரொம்ப நேரம் அதுக்கு முன்னாடி நின்னுட்டு, "நான் நல்லாத்தானடி இருக்கேன்"னாக. உள்ள மணமேடையில வில்லாயுதம் கண்ணைத் திறங்க மாமா, கண்ணைத் திறங்க மாமான்னு கத்திக்கிட்டே எடுத்தான், எடுத்த அத்தனை படத்துலயும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் நிக்கிறாக.

இப்பவும் ஆல்பத்தைப் புரட்டுறவுக அந்தக் கடல் படத்துகிட்ட வந்து நின்னுருவாக. மனுசன் அப்படி யாரைத்தான் பாக்குறாருன்னு கேப்பாக. கேமராவைப் பாக்குறாகன்னு சொல்லி வச்சிருக்கேன்.